கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே ஓர் உலோகம்

சென்னையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடி வீடுகளில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்கலாம். பால்கனிக்குப் பளபளவென்று எஸ்.எஸ். கைப்பிடி போட்டிருப்பார்கள். இரண்டு மழைக்காலம் போவதற்குள் அதில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். அதே வீட்டுச் சமையலறையில் பேர் பொறித்த எவர்சில்வர் குடமும் அண்டாவும் தலைமுறை தாண்டியும் துருவைக் காணாமல் இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே குடும்பத்து எஃகுதான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டுக்காரர் நினைப்பார். பல சமயம் அவர் ஏமாற்றியிருக்கமாட்டார்.

துருவேறா எஃகு துருவை எதிர்க்கும் விதமே சற்று நூதனமானது. அதில் உள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு உடனே சேர்ந்து, மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. எஃகு உள்ளே ஒளிந்துகொள்கிறது. கீறல் விழுந்தால் படலம் தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். இதற்குக் குறைந்தது 10.5% குரோமியம் வேண்டும். ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் 'த்ரீ நாட் ஃபோர்' என்று சொல்லும் 304 ரகத்தில் சுமார் 18% இருக்கிறது. ஆனால் இந்தப் படலத்துக்கு ஒரு பகைவன் உண்டு. உப்பில் இருக்கும் குளோரைடு. படலத்தில் எங்காவது பலவீனமான புள்ளி கிடைத்தால் குளோரைடு அங்கே துளை போடும். துளைக்குள் நீர் தேங்கி அமிலமாகும். அமிலம் மேலும் குளோரைடை இழுக்கும். துளை ஆழமாகிக்கொண்டே போகும். குழி அரிப்பு என்று இதைச் சொல்லலாம். உப்பையும் ஊறுகாயையும் எவர்சில்வரில் வைக்காமல் பீங்கான் ஜாடியில் வைத்த வீட்டுப் பெண்களுக்கு வேதியியல் விளக்கம் தேவைப்படவில்லை, விளைவு தெரிந்திருந்தது. குடத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறோம். கைப்பிடியை யார் கழுவுகிறார்கள்? கடற்காற்று கொண்டுவரும் உப்பு அதன்மேல் படிந்து, இரவு ஈரத்தில் கரைந்து, பகலில் காய்ந்து கெட்டிப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

விவரம் தெரிந்த பட்டறைக்காரர் கடலோர வேலைக்கு 'த்ரீ சிக்ஸ்டீன்' போடச் சொல்வார். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. காந்தம் வைத்துப் பார்த்தும் பிரிக்க முடியாது, இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாதவை. வேறுபாடு 2 முதல் 3% வரை கலந்திருக்கும் ஒரு வெள்ளி நிற உலோகம். அதுதான் மாலிப்டினம். பழைய இரும்புக் கடைகளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரசாயனத்தை விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். வசதி உள்ளவர்கள் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் கைக்கருவி வைத்திருக்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதால் இந்தச் சோதனைக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

இந்த 2% என்ன செய்கிறது என்பதை எப்படி அளக்கிறார்கள்? எஃகுத் துண்டை உப்பு நீரில் நிறுத்தி அதன் மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள். படலம் தாங்கும்வரை மின்னோட்டம் ஏறக்குறைய இருக்காது. ஒரு கட்டத்தில் சட்டென்று எகிறும். அந்தக் கணத்தில் முதல் குழி விழுந்திருக்கிறது. மாலிப்டினம் கலந்த எஃகில் அந்தக் கணம் தள்ளிப்போகிறது. இப்படி நூற்றுக்கணக்கான கலவைகளைச் சோதித்ததில், குழியைத் தடுப்பதில் ஒரு பங்கு மாலிப்டினம் ஏறக்குறைய 3.3 பங்கு குரோமியத்துக்குச் சமம் என்ற கணக்கு கிடைத்தது. காரணம் என்ன என்பதில் நிபுணர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். குழிக்குள் கரையும் முகப்பில் மாலிப்டினம் சேர்ந்து கரைவதை மெதுவாக்குகிறது என்கிறது ஒரு தரப்பு. கரைந்த மாலிப்டினம் ஆக்சிஜனோடு சேர்ந்து மாலிப்டேட்டாகி, குழிக்குள்ளேயே குளோரைடோடு மல்லுக்கட்டுகிறது என்கிறது இன்னொரு தரப்பு. எப்படியும், காவல் காப்பது குரோமியம். காவல் உடைந்த இடத்துக்கு ஓடி வருவது மாலிப்டினம். கடலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கவேண்டிய சாமான்களுக்கு 316-ம் போதாது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் உயரழுத்தக் குழாய்களுக்கு இன்னும் கூடுதல் மாலிப்டினம் உள்ள எஃகு வேண்டியிருக்கிறது.

ஆக்சிஜனோடு இந்த உலோகத்துக்கு உள்ள உறவை அறிய 18-ஆம் நூற்றாண்டு சுவீடனுக்குப் போகவேண்டும். அங்கே மருந்தாளராக இருந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலேயின் மேசையில் ஒரு கருநிறக் கல் இருந்தது. தொட்டால் வழுக்கும், காகிதத்தில் தேய்த்தால் கோடு விழும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவற்றையெல்லாம் கிராஃபைட், ஈயக் கனிமம் என்று ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். 1778-ல் ஷீலே இதை நைட்ரிக் அமிலத்தில் போட்டுக் காய்ச்சினார். கிராஃபைட் அசையவில்லை. இந்தக் கல்லோ வெள்ளைப் பொடியாக மாறியது. ஆகவே இது கிராஃபைட் இல்லை, ஈயமும் இல்லை, கந்தகத்தோடு சேர்ந்த வேறொரு உலோகம் என்று அவர் முடிவுக்கு வந்தார். வெள்ளைப் பொடியிலிருந்து உலோகத்தைப் பிரிக்கத் தக்க உலை அவரிடம் இல்லை. நண்பர் பீட்டர் ஜேக்கப் ஹெல்மிடம் வேலையை ஒப்படைத்தார். ஹெல்ம் 1781-ல் பொடியைக் கரியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்து மூடிய மூசையில் கடும் சூட்டில் வைத்து உலோகத்தை எடுத்தார். அந்தக் கருங்கல்லுக்கு இன்று மாலிப்டினைட் என்று பெயர். இன்றும் மாலிப்டினம் முக்கியமாக இதிலிருந்துதான் வருகிறது, பெரும்பகுதி செப்புச் சுரங்கங்களின் துணைப் பொருளாக. தர்மபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கப் பாறைகளிலும் மாலிப்டினைட் இருக்கிறது. மத்திய அரசு 2023-ல் முக்கியக் கனிமத் தொகுதிகளை ஏலத்துக்கு அறிவித்தபோது தமிழ்நாட்டு மாலிப்டினத் தொகுதிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

தனி உலோகமாக இது அபாரமானது. 2,623 டிகிரி செல்சியஸில்தான் உருகும்; உலோகங்களில் டங்ஸ்டன், ரீனியம், ஆஸ்மியம், டான்டலம் நான்கு மட்டுமே இதை மிஞ்சுகின்றன. சூட்டில் அதிகம் விரியாது. டங்ஸ்டனைவிட எடை ஏறக்குறைய பாதி. இவ்வளவு உருகுநிலை இருந்தால் உருக்கி வார்ப்பது கஷ்டம் என்பதால், ஆக்சைடை ஹைட்ரஜனில் சூடாக்கிப் பொடியாக்கி, பொடியை அழுத்தி, வெப்பத்தில் இறுகவைத்துத்தான் கட்டியாக்குகிறார்கள். பிறகென்ன, விமான எஞ்சின் முழுவதையும் இதிலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. காற்றில் சுமார் 500 டிகிரிக்கு மேல் சூடானால் இது ஆக்சிஜனோடு சேர்ந்து அரிபட ஆரம்பிக்கும். 700 டிகிரி தாண்டினால் அந்த ஆக்சைடு வெள்ளைப் புகையாக எழுந்து போய்விடும். குரோமியத்தின் ஆக்சைடு மேலே ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கிறது. மாலிப்டினத்தின் ஆக்சைடு உலோகத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. அதனால் வெற்றிட உலைகளிலும், ஹைட்ரஜன் நிரப்பிய உலைகளிலும், உருகிய கண்ணாடிக்குள் காற்றுப் படாமல் நிற்கும் மின்முனைகளிலும்தான் சுத்த மாலிப்டினத்துக்கு இடம்.

வீட்டருகே இதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள் முன்பெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்த நீளக் குழல் ஹாலஜன் விளக்கை எடுத்துப் பார்க்கலாம். குவார்ட்ஸ் குழலின் இரு முனைகளையும் தட்டையாக நசுக்கியிருப்பார்கள். அதற்குள் மெல்லிய சதுரத் தகடு ஒன்று பளிச்சென்று தெரியும். அது மாலிப்டினம். மின்சாரம் உள்ளே போகவேண்டும், காற்று போகக்கூடாது. குவார்ட்ஸ் சூட்டில் ஏறக்குறைய விரியவே விரியாது. எந்தக் கம்பியைச் செருகினாலும் அது விரிந்து கண்ணாடியை உடைத்துவிடும். மாலிப்டினத்தை முடியைவிட மெல்லிய தகடாக அடித்து, ஓரங்களைக் கத்திமுனை போலாக்கினால் மட்டும் விரிசல் விடாமல் தாங்குகிறது. நசுக்கிய முனை சுமார் 350 டிகிரிக்கு மேல் சூடானால், வெளிக்காற்று படும் ஓரத்தில் தகடு ஆக்சைடாகிப் பருத்து, குவார்ட்ஸைப் பிளந்துவிடும். விளக்கு போய்விடும். அங்கேயும் ஆக்சிஜன்தான் குற்றவாளி.

எஃகுக்குள் ஒளிந்துகொண்டால் மாலிப்டினத்துக்கு அந்தப் பயம் இல்லை. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தில் செய்யும் அனல் மின்நிலையக் கொதிகலன்களின் குழாய்களில் 1% அளவுக்கு இது இருக்கும். 550 டிகிரியில், பெரும் நீராவி அழுத்தத்தில், சாதாரண எஃகு உடையாது, ஆனால் வருடக்கணக்கில் மெதுவாக இழுபடும். குழாய் உப்பும், சுவர் மெலியும், ஒருநாள் வெடிக்கும். இந்த மெதுவான இழுபாட்டைத் தவழ்வு என்று சொல்லிக்கொள்வோம். இரும்பு அணுக்களின் வரிசைக்குள் பெரிய மாலிப்டினம் அணு இடறிக்கொண்டு நிற்பதால் வரிசைகள் நழுவுவது தடைப்படுகிறது. இதை நம்புவதற்குப் பொறுமை வேண்டும்: ஆய்வுக்கூடத்தில் எஃகுக் கோலைச் சூட்டிலேயே வைத்து, எடை தொங்கவிட்டு, எவ்வளவு நீள்கிறது என்று அளப்பார்கள். 1 லட்சம் மணி நேரம், அதாவது 11 ஆண்டுக்கும் மேல், ஓடும் சோதனை இந்தத் துறையில் வழக்கமானது. ஜப்பானில் ஒரு கார்பன் எஃகுக் கோல் 40 ஆண்டுக்கு மேல் தொங்கியது. கல்பாக்கத்தில் சோடியத்தால் குளிர்விக்கும் முன்மாதிரி வேக ஈனுலையின் நீராவிக் கலன்களுக்கும் 9% குரோமியம், 1% மாலிப்டினம் கலந்த எஃகையே தேர்ந்தெடுத்தார்கள்.

இனி கந்தகம். என்னைக் கேட்டால் மாலிப்டினத்தின் சுவாரசியமான முகம் இதுதான்.

ஷீலேயின் மேசையில் வழுக்கிய கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அது மாலிப்டினம் டைசல்ஃபைடு: ஒரு மாலிப்டினம் அணுவுக்கு இரண்டு கந்தக அணு. நடுவில் மாலிப்டினம் அணுக்களின் தளம், அதன் மேலும் கீழும் கந்தகத் தளங்கள். மூன்றும் சேர்ந்து ஓர் ஏடு. ஏட்டுக்குள் பிணைப்பு உறுதியானது. ஒரு ஏட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே கந்தகமும் கந்தகமும் முகத்துக்கு முகம் நிற்பதால் பிடிப்பே இல்லை. பிரிக்காத அப்பளக் கட்டை விரலால் தள்ளிப் பாருங்கள்: ஒவ்வொரு அப்பளமும் முழுசாக இருக்கும், கட்டு மட்டும் சாயும். மெக்கானிக் கடைகளில் 'மாலி கிரீஸ்' என்று கேட்டு வாங்கும் கறுப்பு மசகின் ரகசியம் அந்தச் சாய்வுதான்.

கிராஃபைட்டும் ஏடு ஏடாகத்தானே இருக்கிறது, அது போதாதா? ஈரக் காற்றுள்ள இடத்தில் போதும். இரண்டாம் உலகப் போரின்போது உயரத்தில் பறந்த விமானங்களில் மின்சாதனங்களின் கரித் தூரிகைகள் வெகு வேகமாகப் பொடியாகிக் கொட்டின. கிராஃபைட் வழுக்குவதற்கு ஈரம் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. உயரத்துக் காற்றில் ஈரம் இல்லை. மாலிப்டினம் டைசல்ஃபைடு நேர் எதிர். ஈரம் இல்லாவிட்டால் இன்னும் நன்றாக வழுக்கும். எண்ணெய் ஆவியாகிவிடும் விண்வெளியில் இதைப் பூச்சாகப் பூசி அனுப்புவது அதனால்தான்.

அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கலிலியோ விண்கலம் சாட்சி. வியாழனை நோக்கி 1989 அக்டோபரில் கிளம்பிய அந்தக் கலத்தில் 18 விலாக் கம்பிகள் கொண்ட பெரிய ஆன்டெனா ஒன்று மடக்கி வைக்கப்பட்டிருந்தது. 1991 ஏப்ரலில் அதை விரிக்கக் கட்டளை போனது. சில கம்பிகள் அசையவில்லை. விசாரித்தவர்கள் வந்து சேர்ந்த விளக்கம் வேதனையானது. 1986-ல் சேலஞ்சர் விண்ணோட விபத்து நடந்ததால் பயணம் தள்ளிப்போக, கலம் அமெரிக்காவின் மேற்குக் கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் இடையே லாரியில் பலமுறை போய்வந்தது. வழியெல்லாம் குலுங்கியதில் கம்பிகளைப் பிடிக்கும் ஊசிகளின் மேலிருந்த மாலிப்டினம் டைசல்ஃபைடு பூச்சு தேய்ந்துபோனது. வெற்றிடத்தில் வெறும் உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொண்டன. விஞ்ஞானிகள் சின்ன ஆன்டெனாவை வைத்தே, தகவலைச் சுருக்கிச் சுருக்கி அனுப்பவைத்து வியாழனை ஆராய்ந்தார்கள்.

இதே ஏட்டுக்கு இன்னொரு வேலை உண்டு. கச்சா எண்ணெயில் கந்தகம் கலந்திருக்கும். அது எரிந்தால் நச்சுப் புகை. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் விற்கும் பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்தது. அதற்கு முன்பிருந்த அளவு 50. சுத்திகரிப்பு நிலையங்களில் எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்து ஒரு வினையூக்கியின் மேல் ஓடவிடுகிறார்கள். கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து பிரிந்துவிடுகிறது. அந்த வினையூக்கி கோபால்ட் அல்லது நிக்கல் சேர்த்த மாலிப்டினம் டைசல்ஃபைடு. வழுக்கிவிடும் பொருள், எதோடும் ஒட்டாத பொருள், இங்கே எப்படிக் கந்தகத்தைப் பிடுங்குகிறது? 2000-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில், மேற்பரப்பை அணு அணுவாக வருடிப் படமெடுக்கும் நுண்ணோக்கியால் தங்கத்தின் மேல் வளர்ந்த மாலிப்டினம் டைசல்ஃபைடு துணுக்குகளைப் பார்த்தார்கள். ஒரே ஏடு, முக்கோண வடிவம். முகம் சலனமற்றது, ஓரங்களில் மட்டும் அணுக்களின் அமைப்பு வேறாக இருந்தது. கந்தகத்தைப் பிடித்தும் விடுத்தும் வேலை செய்வது அந்த விளிம்புகள். முகத்தால் மசகு, விளிம்பால் வினையூக்கி.

உயிர்களும் இந்த உலோகத்தைக் கண்டுகொண்டிருந்தன, நமக்கு வெகு காலம் முன்னே. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். செடிக்கு அதைத் தொடக்கூட முடியாது. தொழிற்சாலையில் அதை அமோனியாவாக்க 400, 500 டிகிரி சூடும் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் வேண்டும். உளுந்து, கடலை வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மண்ணின் சூட்டிலேயே அதைச் செய்துமுடிக்கின்றன. 1930-ல் ஜெர்மானியரான ஹெர்மன் போர்ட்டல்ஸ், நைட்ரஜனைப் பிடிக்கும் மண் பாக்டீரியா ஒன்றுக்கு மாலிப்டினம் கட்டாயம் வேண்டும் என்று காட்டினார். 1939-ல் கலிஃபோர்னியாவில் ஆர்னனும் ஸ்டவுட்டும் தக்காளிச் செடிக்கும் அது வேண்டும் என்றார்கள். அதற்கு முன் யாருக்கும் ஏன் தெரியவில்லை? சோதனைக்குப் பயன்படுத்திய உப்புகளிலேயே மாசாக மாலிப்டினம் இருந்ததுதான் காரணம். பத்துக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே செடி திருப்தியாகிவிடும். அந்த மாசையும் வடித்தெடுத்த பிறகே செடி வாடியது. செடிக்குள் 10 லட்சம் நைட்ரஜன் அணுவுக்கு ஒரு மாலிப்டினம் அணு இருந்தால் போதும்.

1942-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஏ. ஜே. ஆண்டர்சன் இதை வயலுக்குக் கொண்டுவந்தார். இரும்புக் கற்கள் நிறைந்த அமில மண்ணில் குளோவர் என்னும் தீவனப் பயிர் தேறவே மாட்டேன் என்றது. மரச் சாம்பல் விழுந்த இடத்தில் மட்டும் செழித்தது. தேடிப் பார்த்ததில் குறை மாலிப்டினம் என்று தெரிந்தது. அமில மண் மாலிப்டினத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சாம்பல் அந்தப் பிடியைத் தளர்த்துவதோடு தன் பங்குக்குக் கொஞ்சம் மாலிப்டினமும் தருகிறது. ஹெக்டேருக்கு 50, 60 கிராம் உலோகம் போதும். அதற்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் சூப்பர் பாஸ்பேட் உரத்தோடு மாலிப்டினத்தைக் கலந்து போடுவது வழக்கமானது.

நைட்ரஜனைப் பிளக்கும் நொதியின் உள்ளமைப்பை 1992-ல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் கதிர்களால் வரைந்தெடுத்தார்கள். அதன் மையத்தில் 7 இரும்பு அணு, 9 கந்தக அணு, ஒரு மூலையில் ஒரே ஒரு மாலிப்டினம். நட்ட நடுவில் இன்னொரு சின்ன அணு இருப்பது 2002-ல் தெரிந்தது. அது கார்பன் என்று 2011-ல் உறுதியானது. நைட்ரஜன் போய் ஒட்டுவது இரும்பின் பக்கம் என்றே பல சான்றுகள் சொல்கின்றன. மாலிப்டினம் ஓரமாக நின்று எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கலைச் சீர்படுத்துகிறது போலும். அது இல்லாத நேரத்தில் சில பாக்டீரியாக்கள் வனேடியம் வைத்தோ, இரும்பை மட்டும் வைத்தோ சமாளிக்கின்றன. ஆனால் வேலை அவ்வளவு சுத்தமில்லை.

பூமியின் மேலோட்டில் இது அரிய தனிமம், பத்து லட்சத்தில் ஒரு பங்கு சொச்சம். கடல்நீரில் மட்டும் இடைநிலை உலோகங்களிலேயே அதிகமாகக் கரைந்திருப்பது இதுதான், லிட்டருக்கு சுமார் 10 மைக்ரோகிராம். காற்றில் ஆக்சிஜன் இருப்பதால் பாறையின் மாலிப்டினைட் ஆக்சிஜனேற்றமாகி, மாலிப்டேட்டாகக் கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போகிறது. ஆக்சிஜன் இல்லாத ஆதிகாலத்தில் அது பாறையிலேயே முடங்கிக் கிடந்திருக்கவேண்டும். ஆகவே பழைய கடலடிச் சேற்றுப் பாறைகளில் மாலிப்டினம் கூடும் மட்டத்தைத் தேடினால் காற்றில் ஆக்சிஜன் எப்போது வந்தது என்று தெரியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் மெக்ரே களிப்பாறையில், 250 கோடி ஆண்டுப் பழமையான அடுக்கில், அப்படி ஓர் ஏற்றம் இருப்பதை 2007-ல் வெளியிட்டார்கள். ஆக்சிஜன் நிலையாகப் பெருகியதற்கு முன்பே அதன் வாடை லேசாக வீசியிருக்கிறது.

நமக்கும் நாளைக்கு 45 மைக்ரோகிராம் வேண்டும். பருப்பு சாப்பிடும் வீட்டில் அதற்குக் குறையே வராது. மிஞ்சினால் தொல்லை மாட்டுக்குத்தான் முதலில். இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் சில மேய்ச்சல் நிலங்களில் மேய்ந்த மாடுகள் கழிந்து கழிந்து மெலிந்தன, ரோமம் நிறம் வெளுத்தது. புல்லில் மாலிப்டினம் மிதமிஞ்சி இருப்பதே காரணம் என்று 1938-ல் தெரியவந்தது. செப்பு சல்ஃபேட் கொடுத்தால் மாடு தேறியது. பசுவின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் கந்தகத்தை ஏராளமாக வெளியிடுகின்றன. மாலிப்டேட்டின் ஆக்சிஜன் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று அந்த இடத்தில் கந்தகம் உட்காருகிறது. அப்படி உருவாகும் தயோமாலிப்டேட், செம்பைக் கண்டால் விடாது. கெட்டியாகப் பிடித்து, உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். மாட்டை வாட்டியது செம்புப் பஞ்சம். பின்னாளில், உடம்பில் செம்பு அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும் வில்சன் நோய் உள்ள மனிதர்களுக்கு அந்தத் தயோமாலிப்டேட்டையே மருந்தாகக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள்.